கன்றுக்கல்லின் மூக்கு

எல்லோரும் சௌக்கியமா, கண்ணுகளா? இருமலோடு இருந்தவர்களுக்கு இருமல் நின்றதா? முழங்கால் வலிக்காரர்கள் மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டீர்களா? குறைத்திருக்க மாட்டீர்கள், தெரியும். சரி, காலை நீட்டி உட்காருங்கள். இன்றைக்கு ஒரு சுவரின் கதை. சுவருக்கு என்ன பெரிய கதை என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பேசாமல் இருந்தால் வீட்டில் சாமான்தான் உருளும் என்று நினைக்கிறோம். இங்கே ஒரு சுவரே உருளப் பார்த்தது.

அந்தப் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் கல் அடுக்குவதுதான் தொழில். கல்லை அறுக்க மாட்டார்கள், செதுக்க மாட்டார்கள். ஆற்றிலும் மேட்டிலும் எப்படிக் கிடந்ததோ அப்படியே கொண்டுவந்து, எது எதோடு ஒத்துப்போகும் என்று பார்த்துப் பார்த்து அடுக்குவார்கள். சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. சுத்தியல் ஒன்று உண்டு. அது சந்துகளில் சில்லு வைத்து இறுக்குவதற்கு மட்டும்தான். கல்லின் உடம்பில் அது படக்கூடாது.

அவருக்குத் தூக்குக்குண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்தக் குண்டு எந்நேரமும் அவர் சட்டைப்பையில் கிடக்கும். ஆளும் அப்படித்தான். நேராக, கனமாக, ஆடாமல் அசையாமல்.

அவளுக்குப் பெயர் கனாக்காரி. மத்தியானம் சாப்பிட்டதும் கற்குவியலில் முதுகைச் சாய்த்து ஒரு கோழித்தூக்கம் போடுவாள். அப்போது கற்கள் அவளிடம் வரும். உண்மையாகவே வரும் என்றுதான் அவள் சொல்வாள். மூட்டை தூக்கிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக அசைந்து அசைந்து வந்து, சுவரில் எட்டிப் பார்த்து, இதுதான் என் இடம் என்று ஏறிப் படுத்துக்கொள்ளும். சில கற்கள் புரண்டு படுக்கும். சில, பக்கத்துக் கல்லை இடித்துத் தள்ளிப் போகச் சொல்லும். கண் விழித்ததும் கனாக்காரி நேரே போய் அந்தக் கல்லை எடுத்து அந்த இடத்தில் வைப்பாள். தாழ்ப்பாள் விழுந்த மாதிரி கச்சிதமாக உட்காரும்.

"தூக்கத்துக்கும் சேர்த்துக் கூலி வாங்குறவங்க எங்க அண்ணி ஒருத்தங்கதான்" என்பான் கொழுந்தன். அவன் தச்சன். அண்ணனும் அண்ணியும் கட்டுகிற சுவருக்கெல்லாம் கூரை போடுகிறவன்.

கன்றுக்கல்லைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் ஆற்றுப் படுகையில் அவள் கண்ணில் பட்டது அது. நீளமான கல். முன்னங்காலை மடித்துப் படுத்துத் தூங்குகிற கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். முகத்தில் ஈரமாக ஒரு மூக்கு வேறு. உலர்ந்த நாளிலும் அந்த மூக்கு மட்டும் கொஞ்சம் கறுத்து ஈரம் போலவே தெரியும். அதற்கென்று ஓர் இடம் எங்கேயோ இருக்கிறது, ஒருநாள் வரும் என்று எந்தச் சுவரிலும் வைக்காமல் வேலைக்கு வேலை வண்டியில் ஏற்றிக்கொண்டே திரிந்தாள்.

"இது வண்டியா, கல்லுக்கு அனாதை ஆசிரமமா?" என்று அவர் முனகுவார். "இத்தனை வருஷமா ஏத்தி இறக்கி என் முதுகுல அதோட அச்சே விழுந்திருச்சு."

"அதுக்கு இடம் வரலைங்க."

"வரும்போது நாம இருக்க மாட்டோம். அதுவே தேடிப் போய் உட்கார்ந்துக்கும்."

அப்படிச் சொல்லிச் சொல்லியே சுமந்தவர்தான். ஆனால் நர்ஸம்மா வீட்டில் வினை வந்தது.

நர்ஸம்மா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆள் ஒண்டிக்கட்டை. சரிவான ஒரு தெருவின் கோடியில் ஒரே ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு பெரிய ஜன்னல், அவ்வளவுதான் கேட்டார். தெருப்பக்க மூலை கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் தூறல் பிடித்துக்கொண்டது. மூலையை மூட ஒரே ஒரு கல் பாக்கி. எதை வைத்தாலும் நிற்கவில்லை. அவள் கை கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள். அவருக்குப் பசி, குளிர், எரிச்சல். கன்றுக்கல்லைத் தூக்கிப் பார்த்தார். மூக்கு மட்டும் இடித்தது.

குழாயடியில் நின்றவளுக்கு 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கல்லின் உடம்பில் சுத்தியல் படுகிற சத்தம். இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்த இடத்தில் கேட்காத சத்தம். ஓடி வந்து பார்த்தால் கன்றுக்குட்டி முகம் மூளியாகக் கிடக்கிறது. அவர் அதைத் தூக்கி மூலையில் வைக்கிறார். அப்போதும் அது பொருந்தவில்லை.

"உடைச்சதும் உடைச்சீங்க, உட்காரவாவது வச்சீங்களா?" என்றாள்.

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பாள். தூக்குக்குண்டு கேட்குமா? "கல்லுதானே" என்று ஒரு வார்த்தை சொன்னார், எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினது போல. மறுநாளிலிருந்து அவரும் வாயைப் பூட்டிக்கொண்டார்.

பேசாமல் வேலை நடக்குமா? நடந்தது. எப்படியென்றால், இரண்டு பேரும் சுவரோடு பேசினார்கள்.

"சுவரே, டீ ஆறிப்போகுது. யாருக்கு வேணுமோ அவங்க எடுத்துக் குடிக்கலாம்" என்பாள் அவள் இந்தப் பக்கத்திலிருந்து.

"சுவரே, சர்க்கரை பத்தலைன்னு யார்கிட்டயாவது சொல்லு" என்பார் அவர் அந்தப் பக்கத்திலிருந்து.

"சுவரே, வயசாச்சுன்னா சர்க்கரையைக் குறைக்கணும்னு உனக்குத் தெரியாதா?"

கொழுந்தன் ஜன்னல் சட்டத்துக்கு அளவெடுக்க வந்தவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாவம் இந்தச் சுவரு. கூரை ஏறுறதுக்கு முன்னாடியே குடும்ப பாரம் ஏறிருச்சு."

இங்கே ஒரு விஷயத்தைச் சொன்னால்தான் மேலே கதை புரியும். இந்த மாதிரிக் கல்சுவர் ஒற்றைச் சுவர் இல்லை. உள்பக்கம் ஒரு முகம், வெளிப்பக்கம் ஒரு முகம், நடுவில் பொடிக்கல் நிரப்புவார்கள். உள்முகம் அவள் அடுக்குவாள், வெளிமுகம் அவர். முழங்கால் உயரம் வந்ததும், பிறகு இடுப்பு உயரம் வந்ததும், இரண்டு முகத்தையும் கோத்துப் பிடிக்கிற மாதிரி நீளக்கற்களைக் குறுக்கே போடவேண்டும். இந்தக் கை அந்தக் கையைப் பிடித்துக்கொள்வது போல. நீளக்கல் போடாத சுவர் ஒரு சுவரே இல்லை. முதுகுக்கு முதுகு காட்டி நிற்கிற இரண்டு சுவர்.

நீளக்கல்லைத் தனியாளாகப் போடவும் முடியாது. கல் யார் பக்கம் கிடக்கிறதோ அவர்தான் அதன் ஒரு நுனியைச் சுவர்மேல் ஏற்றி "வருது!" என்று கூவவேண்டும். எதிர்ப்பக்கத்து ஆள் கையை எடுத்துக்கொண்டு, தயாராக நின்று, "வரட்டும்!" என்று பதில் கொடுக்கவேண்டும். பதில் வராமல் தள்ளக்கூடாது. தள்ளினால் எதிராளியின் விரல் இருக்காது. இதை மட்டும் சுவரிடம் சொல்லி அனுப்ப முடியாது. ஆளுக்கு ஆள்தான் கூப்பிடவேண்டும்.

நீளக்கற்கள் எல்லாம் அவள் பக்கம் கோணிச்சாக்கு போர்த்திக் கிடந்தன.

முழங்கால் உயரம் வந்த அன்று மத்தியானம் அவள் வழக்கம்போலக் கண்ணயர்ந்தாள். வெயில் இமைமேல் மஞ்சளாக மிதந்துகொண்டிருந்தது. தூக்கத்தில் நீளக்கற்கள் எழுந்து வந்தன. அவள் ஒன்றை ஏற்றி "வருது!" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து "வரட்டும்!" என்று அவர் குரல் வந்தது. கோபமில்லாத பழைய குரல். கல் நீரில் படகு போவது போல வழுக்கிக்கொண்டு போனது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் அந்தக் குரல். விழித்துப் பார்த்தபோது உள்ளங்கை இரண்டும் கனமாக இருந்தன. மனசு நிறைந்திருந்தது. எழுந்து அடுத்த வரிசையை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இடுப்பு உயரத்திலும் அப்படியே. வருது, வரட்டும். வருது, வரட்டும். கண்ணைத் திறந்தால் சுவர் வளர்ந்துகொண்டிருந்தது. கனவுக்கும் வேலைக்கும் நடுவில் என்றைக்குமே அவளுக்கு ஒரு மெல்லிய திரைதான். அது எப்போது விலகும் எப்போது மூடும் என்று அவள் கவனித்ததில்லை. அந்த இரண்டு வார்த்தையும் காதில் விழுந்த சுகத்தில், மிச்சத்தை யோசிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

சுவர் தலை உயரம் வந்தது. ஒருநாள் காலை, தெரு முழுக்கப் பனி. எதிர்வீட்டு ஜன்னல் மட்டும் ஆகாயத்தில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு, அளக்கிற நாடாவோடு வந்தார்.

"என் கட்டில் இந்தச் சுவரோரம்தாம்மா" என்றார். "பாதி ஆயுசு ராத்திரி டூட்டியிலயே போச்சு. இனிமே இந்தக் கல்லுமேல ஒரு கையை வச்சுக்கிட்டு, யாரும் எழுப்பாம தூங்கணும்."

சொல்லிவிட்டு, நோயாளியைத் தட்டிக்கொடுப்பது போலச் சுவரைத் தட்டிக்கொடுத்தார். நர்ஸம்மா போனதும் சுவருக்குள்ளே எங்கேயோ 'கிணுக்' என்றது. நடுவிலிருந்த பொடிக்கல் ஒன்று கீழே இறங்கின சத்தம்.

கனாக்காரி சுவரில் காதை வைத்தாள். தூக்குக்குண்டு வெளிப்பக்கம் கல் வைத்துக்கொண்டிருந்தார். வைக்கிற அதிர்வு இந்தப் பக்கம் வரவேண்டும். வரவில்லை. அடுத்த வீட்டில் யாரோ வேலை செய்கிற மாதிரி எங்கேயோ தூரத்தில் கேட்டது. கன்னத்தைச் சுவரோடு வைத்தே கீழ்நோக்கிப் பார்த்தாள். இடுப்பு உயரத்தில் சுவர் அவள் பக்கமாகக் கொஞ்சம் வயிறு தள்ளியிருந்தது.

அவள் மெதுவாகப் போய்க் கோணிச்சாக்கைத் தூக்கினாள். நீளக்கற்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி படுத்திருந்தன. ஒன்றின்மேல் நத்தை ஒன்று ஊர்ந்துபோன வெள்ளிக் கோடு. மறுகோடியில் மூக்கில்லாத கன்று.

சாக்கை அப்படியே கீழே விட்டாள். தான் கூப்பிடவே இல்லை. அவர் பதில் சொல்லவே இல்லை. அந்தக் குரலெல்லாம் தூக்கத்தில் கேட்டது. இதன்மேல் கூரை ஏறினால் இரண்டு முகமும் ஆளுக்கொரு பக்கம் சாயும். இந்தப் பக்கம் சாய்வது நர்ஸம்மாவின் கட்டில்மேல்.

சொல்லியாகவேண்டும். சுவரைப் பார்த்தாள். "சுவரே..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். விழப்போகிறவனிடமே போய் நீ விழப்போகிறாய் என்று சொல்வதா?

நல்லவேளையாகக் கொழுந்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"தம்பி, உத்தரம் எப்ப ஏறும்?"

"எல்லாம் இழைச்சு வண்டியில கட்டியாச்சு அண்ணி. அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா ஏறிரும்."

"உங்க அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லணுமே..."

"ஆளை விடுங்க!" அவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். "அவரு சட்டைப் பித்தான் அறுந்ததுலேருந்து உங்க தலைவலி வரைக்கும் நான்தான் தபால் கொண்டுபோறேன். தபால்காரனுக்காவது லீவு உண்டு. அவரு இங்கதானே நிக்குறாரு? எட்டிப் பார்த்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் போய்விட்டான். அவளுக்குத் தொண்டை வரை வந்தது. 'ஏங்க' என்று ஒரு சொல், அவ்வளவுதான். அந்தச் சொல் மூக்குடைந்த அந்தக் கல்லைப் பார்த்ததும் மறுபடி உள்ளே போய்விட்டது. நான்தான் முதலில் இறங்கிவரவேண்டுமா? உடைத்தவர் யார்? இப்படி ஒரு மனசு. கல்மேல் கை வைத்துத் தூங்கப்போகிற அந்த அம்மாவை நினைத்து இன்னொரு மனசு. பனிக்குள்ளே கொஞ்சநேரம் இரண்டும் கெட்டு நின்றாள்.

பிறகு ஒரு காரியம் செய்தாள். தன் பக்கத்து மேல்வரிசையில் ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். கட்டின சுவரைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

கல் தரையில் படுகிற சத்தம் அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அங்கே வேலை நின்றது. அவர் என்ன என்று கேட்பார், கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். ஒன்றுமில்லை. கொஞ்சநேரம் கழித்து அந்தப் பக்கமும் ஒரு கல் தரையில் உட்காருகிற சத்தம். இன்னொன்று. அவரும் பிரிக்கிறார்.

அப்படியே இரண்டு பேரும் வார்த்தையில்லாமல் பிரித்துக்கொண்டே வந்தார்கள். பனி கலைந்தது. அடுக்கின கைக்குத்தான் தெரியும், எந்தக் கல் எந்தக் கல்லின் தோளில் சாய்ந்திருந்தது என்று. ஒவ்வொன்றையும் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல எடுத்தாள். சுவர் தாழத் தாழ அவர் தெரிய ஆரம்பித்தார். முதலில் நரைத்த உச்சி. பிறகு நெற்றி, புருவத்தில் கல்தூசி. கண் தெரிந்தபோது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். இத்தனை நாளும் முகத்தையே பார்க்காமல் இருந்ததில், அவர் இளைத்திருப்பது அவளுக்குத் தெரியவே இல்லை.

முழங்கால் உயரத்தில் நிறுத்தினார்கள். அவள் கோணிச்சாக்கண்டை போனாள். எல்லாக் கல்லையும் பார்த்தாள். கை தானாகவே கன்றுக்கல்லிடம் போனது. மார்போடு அணைத்துத் தூக்கிவந்து அதன் ஒரு நுனியைச் சுவர்மேல் ஏற்றினாள். பாதி பாரம் சுவரில், பாதி பாரம் அவள் கையில். இப்போது தள்ளவும் முடியாது, இறக்கவும் முடியாது. எதிரே அவர் கை விரித்த விரலோடு சுவர்மேலேயே இருக்கிறது. எடுக்கவில்லை. கூப்பிட்டால்தான் எடுப்பார்.

"வருது!" என்றாள்.

பழகாத கதவு திறந்தது போல அவள் குரல் கிறீச்சிட்டது. கனவில் உடனே பதில் வந்திருந்தது. இங்கே வரவில்லை. ஜன்னல் பக்கம் கொழுந்தன் மரம் இழைக்கிற இழைப்புளிச் சத்தம் நின்றுபோனது. அவர் தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவை செருமினார்.

"வரட்டும்."

கையை எடுத்துக்கொண்டார். கன்றுக்கல் படகு போல ஒன்றும் வழுக்கவில்லை. கரகரவென்று உரசிக்கொண்டு, வேண்டா வெறுப்பாகப் போய், அந்தப் பக்கத்து முகத்தில் முட்டி நின்றது. மூக்கு உடைந்த பக்கம் வெளியே துருத்தாமல் அவர் கைக்குள் அடங்கியது. மூக்கு இருந்திருந்தால் நீட்டிக்கொண்டிருக்கும். இது இரண்டு பேருக்குமே தெரிந்தது. அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும்.

"கொஞ்சம் ஆடுது" என்றார். "அடியில சில்லு வேணும்."

அவள் மடியை அவிழ்த்து ஒரு துண்டுக் கல்லை நீட்டினாள். கறுத்து, ஈரம் போல இருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதைத்தான் நாலு பக்கமும் மண்ணைக் கிளறித் தேடினேன். உன் மடியிலயா இருந்துச்சு?"

"தேடி? ஒட்டவைக்கவா?"

"என்னத்துக்குன்னு தெரியல. தேடினேன்." குனிந்து அந்த மூக்கைக் கல்லின் அடியில் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, சுத்தியலைத் தொடாமல் உள்ளங்கையாலேயே தட்டி இறுக்கினார். ஆட்டம் நின்றது. "உடைச்சிருக்கக் கூடாதும்மா" என்றார் கல்லைப் பார்த்தபடி.

"யார்கிட்ட சொல்றீங்க? சுவர்கிட்டயா?"

"உன்கிட்டதான்டி. சுவர்கிட்ட பேசிப் பேசி அலுத்துப்போச்சு."

அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா ஒரு தைலப் புட்டியோடு வந்து நின்றார். தலை உயரத்தில் விட்டுப்போன சுவர் முழங்காலில் நிற்பதைப் பார்த்தவர், முதலில் கேட்டது வேறு. "முதுகு வலி இப்ப தேவலையா? இதை ரெண்டு வேளை தேய்ங்க."

"முதுகு வலியா? யாருக்கு?" என்றாள் கனாக்காரி.

"உன் வீட்டுக்காரருக்குத்தான். முதுகு புடிச்சிருக்கு, உத்தரத்தை இப்ப ஏத்த வேண்டாம்னு முந்தாநாளே சொல்லிட்டுப் போனாரே."

கனாக்காரி புருஷனைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையிலிருந்த குண்டை எடுத்து ரொம்ப அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்!"

"நீளக்கல்லு வரலைன்னு எனக்குத் தெரியாதா? நீ கூப்பிட்டு ஒரு தடவைகூட விரலை எடுக்காமலே ரெண்டு தட்டு ஏறிட்டேனே."

"தெரிஞ்சும் வாயைத் திறக்காம கட்டிக்கிட்டே இருந்தீங்க!"

"கல்லு உன் பக்கம் கிடக்கு. நீ கூப்பிடாம நான் எப்படி வரட்டும்னு சொல்றது? இன்னைக்குக் கூப்பிடுவா, நாளைக்குக் கூப்பிடுவான்னு..."

"நல்லா இருக்கு! ரெண்டு பேரும் சேர்ந்து என்னைச் சமாதி கட்டப் பார்த்தீங்களா?" என்றார் நர்ஸம்மா. கனாக்காரி தலையைக் குனிந்துகொண்டு நடந்ததை எல்லாம், கனவு உட்பட, சொன்னாள். தப்பு தன் பக்கம்தான் என்றாள். அவரோ, இல்லை, சுத்தியலால் போட்ட முதல் அடி தன்னுடையது என்றார். நர்ஸம்மா கொஞ்சநேரம் கேட்டுவிட்டுக் கையை உயர்த்தினார். "போதும். எலும்பு கோணலா கூடிப்போனா நாங்களும் பிரிச்சுத்தான் மறுபடி சேர்த்துக் கட்டுவோம். எனக்கு அவசரமில்ல. ஆனா ஒண்ணு, சுவர் முடியிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் சண்டை போடக்கூடாது. போடணும்னா சத்தமா போடுங்க."

கொழுந்தன் ஜன்னல் சட்டத்துக்குள் தலையை விட்டு, "அப்ப எனக்குத் தபால் வேலை போச்சா?" என்றான்.

அன்று சாப்பாட்டு வேளைக்குள் முழங்கால் உயரத்து நீளக்கற்கள் எல்லாம் உள்ளே போயின. வருது, வரட்டும். தெருவில் போனவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் அவர் தட்டியது, இவள் கன்னத்தில் தட்டினது போலவே கேட்டது.

மத்தியானம் கற்குவியலில் சாய்ந்து கண்ணை மூடினாள். வெயில் மஞ்சளாக மிதந்தது. ரொம்ப நேரம் ஒரு கல்லும் வரவில்லை. கடைசியில் சுவருக்குள்ளே படுத்திருந்த கன்றுக்குட்டி ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தது. வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு, மூக்கைத் தன் வயிற்றுக்கடியில் செருகிக்கொண்டு, மறுபடி தூங்கிப்போனது.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டிலும் சுவரோடும் ஜன்னலோடும் பேசின நாட்கள் இருந்திருக்குமே, இல்லையென்று மழுப்பாதீர்கள். யார் முதலில் வாயைத் திறந்தீர்கள், என்ன வார்த்தை வந்தது, அதை எழுதி அனுப்புங்கள். எங்கேயோ கிடைத்த ஒரு கல்லைக் காரணமில்லாமல் பத்திரமாக வைத்திருக்கிறவர்களும் எழுதுங்கள், அது என்ன மாதிரி இருக்கும் என்று.